மணிக்கூண்டின் மேல் போட்ட பழி

ஒண்டிக்கடை முக்குக்குக் காய் வாங்கப் போனாலும் பஸ்ஸுக்கு நின்றாலும், என் மகளின் காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் கருவியைப் பார்த்து யாராவது கேட்டுவிடுகிறார்கள். கேட்கிறவர்களுக்குப் பதில் ஏற்கெனவே தெரிந்திருக்கும். "இத்தாலி மணிக்கூண்டுல போனதுங்களா?" என்பார்கள். நான் தலையாட்டுவேன். போன வாரம் பழக்கடைக்காரர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, "இத்தாச்சோடு இருக்குமுங்களா அந்த மணி? லாரி டயராட்ட?" என்று கேட்டார். "அதவிடப் பெருசுங்க" என்றேன். அவர் உச்சுக்கொட்டிவிட்டு மகளின் கையில் ஒரு ஆரஞ்சைக் கொடுத்தார்.

என் மகளின் காது எந்த மணியாலும் போகவில்லை. அவள் பிறந்தபோதே அவளுக்குக் கேட்கவில்லை. இது எனக்குத் தெரியும். என் கணவருக்குத் தெரியும். என் மாமியாருக்கும் தெரியும்.

நாங்கள் இருப்பது ஏற்காட்டில், ஒரு காப்பி எஸ்டேட் குவார்ட்டர்ஸில். என் கணவர் அங்கே மேனேஜர். வெள்ளைக்காரன் காலத்து வீடு, தரை முழுக்கப் பலகை, பலகைக்கு அடியில் வெற்றிடம். யார் நடந்தாலும் அடுத்த அறையில் இருப்பவர்களின் உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடும். அந்தத் தரைதான் எங்களை ஏமாற்றியது. மாமியார் வாசலில் கால் வைத்தால் குழந்தை திரும்பிப் பார்ப்பாள். நான் சமையலறையில் ஒரு தட்டைப் போட்டால் பொம்மையை விட்டுவிட்டுத் தலையைத் தூக்குவாள். அதைப் பார்த்து நிம்மதியாவேன். அரைமணி நேரம் கழித்து, பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு ஏன் திரும்பவில்லை என்று மறுபடி தொடங்கும். மறுபடி ஒரு தட்டு. என் வீட்டுத் தட்டுகளின் விளிம்பெல்லாம் நெளிந்துபோனது அப்படித்தான்.

இரண்டு வயது தாண்டியும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. என் மாமியார் வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவினார். தேன் தடவினார். பேச்சு வந்தால் மலை உச்சிக் கோயிலில் வெண்கல மணி கட்டுவதாக வேண்டிக்கொண்டார். எல்லாம் நாக்குக்காகவே நடந்தது. காதைப் பற்றி நான் பேச்செடுத்தபோது என் கணவர் சிரித்தார்.

"அவ அப்பனாட்ட. நானும் நாலு வயசுலதான் வாயத் தொறந்தேனாம். அம்மாவக் கேட்டுப் பாரு."

"கேட்டேனுங்க. மூணுன்னாங்க."

"மூணோ நாலோ. பேசறனா இல்லியா இப்ப?"

சேலத்தில் ஒரு குழந்தை டாக்டரிடம் காட்டினோம். அவர் அவளுக்குப் பின்னால் கை தட்டினார். திரும்பினாள். தட்டியபோது எதிர்ச் சுவரில் அவர் நிழல் அசைந்ததை நான் பார்த்தேன். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அதற்குள் அவர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். டாக்டருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது என்று மலையேறும் பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கல்யாணத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஒலி எப்படிப் பரவுகிறது என்று பாடம் நடத்தியவள் நான்.

அந்த வருடம் எஸ்டேட்டில் காப்பி வறுக்கும் இயந்திரம் ஒன்றை இத்தாலியிலிருந்து வாங்கினார்கள். அதை ஓட்டப் பழகிக்கொள்ள என் கணவரை அனுப்பினார்கள். தங்க இடம் தருகிறார்கள், குடும்பத்தோடு வரலாம் என்று தெரிந்ததும், "கூட்டிட்டுப் போ சாமி, அவளும் நாலு எடம் பாக்கட்டும்" என்று மகனிடம் சொன்னதே என் மாமியார்தான். அதை அவர் இப்போது மறந்துவிட்டார்.

வட இத்தாலியில், ஆறு வளைந்து ஓடும் ஒரு பழைய நகரம். நாங்கள் தங்கிய அறையின் தரை கல். போய்ச் சேர்ந்த மறுநாளே, அவள் முதுகுப்பக்கம் நான் ஒரு கரண்டியைத் தவறவிட்டேன். பக்கத்து அறையிலிருந்து யாரோ குரல் கொடுக்கும் அளவுக்குச் சத்தம். அவள் திரும்பவில்லை. புது இடம், பயண அலுப்பு, குளிர் என்று ஒவ்வொன்றாகக் காரணம் சேர்த்துக்கொண்டேன். கணவரிடம் சொல்லவில்லை. பயிற்சிக்கு வந்த இடத்தில் அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. நகரத்தின் நடுவில் இருந்த மணிக்கூண்டைப் பார்க்கப் போனோம். எண்ணூறு வருடப் பழசு என்றார்கள். கீழ்ப்பகுதியில் ஒரு வரிசை செங்கல், ஒரு வரிசை வெள்ளைக் கல் என்று கோடுகோடாகக் கட்டியிருந்தார்கள். மேலே போகப் போக வெறும் செங்கல். பாதி தூரம் லிஃப்ட் இருந்தது, மிச்சத்துக்கு இரும்புப் படி. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினேன். கணவர் முன்னால் ஏறிக்கொண்டே ஃபோனைப் பார்த்து வாசித்தார். அந்தக் காலத்தில் பெரிய மணியை அடித்தால் ஊர்க்கூட்டத்துக்கும் சண்டைக்கும் ஆள் சேரவேண்டுமாம். சின்ன மணி தீப்பிடித்தால் அடிப்பதற்கும், தொழிலாளிகளுக்கு வேலை முடிந்தது என்று சொல்வதற்குமாம். "நம்ம எஸ்டேட் சங்காட்ட" என்றார்.

மேல்தளத்தில் நான்கு பக்கமும் வளைவுகள் திறந்து கிடந்தன. குளிர்காற்று. கீழே சிவப்பு ஓட்டுக் கூரைகள், அவற்றுக்கு அப்பால் ஆறு. மணிகள் எங்கள் தலைக்கு நேர் மேலே தொங்கின. நான் கூரைகளைப் பார்க்கவில்லை. கம்பி இடைவெளியில் குழந்தையின் தலை நுழையுமா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே வேலை செய்கிற ஒரு பெண் எங்களைப் பார்த்து ஏதோ சொன்னாள். புரியவில்லை. உடனே கடிகாரத்தைத் தொட்டு, மேலே காட்டி, இரண்டு காதுகளையும் பொத்திக் காட்டினாள். மதியம் ஆகப் போகிறது.

நான் குனிந்து மகளின் காதுகளைப் பொத்தினேன். மணி அடித்தது.

அந்தச் சத்தத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நெஞ்செலும்புக்குள் யாரோ உலக்கை போடுவது போல இருந்தது. கணவர் துள்ளி, சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கண்களை இறுக மூடினார். ஒருத்தி மார்போடு கட்டியிருந்த கைக்குழந்தை வீறிட்டு அழுவது வாயைப் பார்த்துத் தெரிந்தது, அழுகை கேட்கவில்லை. என் மகள் என் கைகளைப் பிடித்து இழுத்துத் தள்ளினாள். கைக்குப் பின்னால் ஏதோ விளையாட்டு என்று நினைத்திருப்பாள். அந்த அழும் குழந்தையை ஒரு கணம் வேடிக்கை பார்த்தாள். பிறகு இரும்புக் கம்பியில் உள்ளங்கையை வைத்தாள். முகம் மலர்ந்தது. கன்னத்தையும் கம்பியில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

நான் மறுபடி அவள் காதைப் பொத்தவில்லை. மணி அடித்து ஓயும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்கூட இமைக்கவில்லை அவளுக்கு. தலை நிமிர்ந்தபோது கணவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கண்கள் சந்தித்தன. அவர் உடனே ஃபோனைப் பார்க்கத் தொடங்கினார்.

"பாத்தீங்களா?" என்றேன்.

"பயந்துட்டா. அதான் அப்படியே நிக்கறா."

"சிரிக்கறாளுங்க."

"எல்லாத்தையும் இங்கயே பேசணுமா? ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்."

கீழே இறங்கும் வழியெல்லாம் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். கோபுரத்தின் உட்சுவரில் என் குரல் எதிரொலித்தது. எதிரே ஏறி வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மட்டும் என் கம்மலோடு விளையாடிக்கொண்டிருந்தாள்.

ஊர் திரும்பியதும் சேலத்தில் முறையாகப் பரிசோதித்தார்கள். மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, தலையில் வயர் ஒட்டிப் பார்க்கும் சோதனை. இரண்டு காதும் பிறவியிலேயே கேட்காதவை என்றார் டாக்டர். மெஷின் உடனே போடவேண்டும், அது போதாது, உள்காதில் கருவி பொருத்தும் ஆபரேஷனும் வேண்டும், தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் பேச்சுக்கு நஷ்டம் என்றார். பிறகு, "சொந்தத்துல கல்யாணமாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் மாமியார் என் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. "அப்ப உங்க குடும்பத்துல இனிமே எந்தக் குழந்தை பொறந்தாலும், பொறந்த உடனே காத டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. மறக்காதீங்க" என்றார். என் கணவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இதெல்லாம் அவர் காதிலும் விழுந்தது.

வீட்டில் இதைச் சொன்னபோது மாமியார் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். முறத்தைத் தள்ளி வைத்தார்.

"வம்சத்துல வந்ததா? எந்த வம்சத்துல?"

என் வம்சம் என்று சொன்னால் அது அவர் பிறந்த வம்சம். என்னைக் குற்றம் சொல்ல வழியில்லாத ஒரே விஷயம் இதுதான். அது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். மகன் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"ஏஞ்சாமி, அங்க என்னமோ மணி அடிச்சுதுன்னியே. சத்தம் சாஸ்தியோ?"

"சாஸ்திதாம்மா."

"பச்சப்புள்ள காதுக்குப் பக்கத்துலயா?"

"தலைக்கு மேலங்கம்மா."

"அதானே பாத்தேன்! இங்க இருந்த வரைக்கும் நான் நடந்து வந்தாலே திரும்பிப் பாக்கற புள்ள. அத்தன சத்தம் பட்டா பெரியவங்களுக்கே காது அடைச்சுக்கும். டாக்டருக்கு அது எப்படித் தெரியும்? நீங்க சொல்லோணுமில்ல?"

என் கணவர் இல்லை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு ஸ்டோருக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலத்துக்குள் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் வீட்டுக்குத் தெரிந்தது. மறுநாள் ஒண்டிக்கடைக்குத் தெரிந்தது.

குழந்தையை மணிக்கூண்டுக்குத் தூக்கிப்போன பழி என் மேல் விழுந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தப் பொய்க்கு ஒரு வால் இருந்தது. சத்தத்தில் அடைத்த காது தானாகத் திறக்கும் என்றார் மாமியார். அதற்குள் எதற்கு மண்டையைக் கீறவேண்டும், கோயில் திருவிழா வரைக்கும் பார்ப்போம் என்றார். ஆபரேஷனுக்கு அப்பா அம்மா இரண்டு பேரும் கையெழுத்துப் போடவேண்டும். என் கணவர் இன்று நாளை என்று தள்ளினார். உண்மையான காரணத்தை ஒருநாள் சொல்லிவிட்டார். அவருடைய தங்கைக்கு என் பெரியப்பா மகனைப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் மாமியாருக்கும் அண்ணனான பெரியப்பா ஒத்துக்கொண்டுவிட்டார். பெரியம்மா மட்டும் வேறு ஊர், வேறு குடும்பம். அதே ரத்தத்தில் மறுபடி பெண் எடுக்கவேண்டுமா என்று அவர் தயங்கிக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில் குழந்தைக்குப் பிறவியில் காது கேட்காது என்று தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும்.

"தங்கச்சி கல்யாணம் முடியட்டும். எங்க ஓடிடப் போகுது ஆபரேஷன்?" என்றார்.

பெரியம்மா நேரில் பார்த்துவிட்டுப் போக வருகிறார் என்று தகவல் வந்தது. அன்று காலை, கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டே கணவரிடம் சொன்னேன். பெரியம்மா கேட்டால் நான் மணிக்கூண்டு என்றே சொல்கிறேன். அதற்கு நீங்கள் நாளைக் காலையில் என்னோடு சேலத்துக்கு வந்து கையெழுத்துப் போடவேண்டும். இல்லையென்றால் டாக்டர் சொன்னதை அப்படியே சொல்லிவிடுவேன்.

அவர் என்னை அதுவரை பார்க்காத மாதிரி பார்த்தார். "நீயா இப்படிப் பேசறே?" என்றார். ரவை தீய்ந்துவிட்டது. கொட்டிவிட்டு வேறு ரவை வறுத்தேன். அவர் சரி என்றார்.

பெரியம்மா குப்பனூர் மலைப்பாதை வழியாகக் காரில் வந்து, தலைசுற்றலோடு இறங்கினார். காப்பி குடித்ததும் நேராக என்னிடம்தான் வந்தார்.

"ஏங்கண்ணு, புள்ளைக்கு என்ன ஆச்சு? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீ சொல்லு. நீ பொய் சொல்ல மாட்டே."

சொன்னேன். கோபுரத்தின் உயரம், மணியின் அகலம், அடித்தபோது சுவர் அதிர்ந்தது, குழந்தை வீறிட்டு அழுதது. அழுதது வேறு ஒருத்தியின் குழந்தை. அதை எடுத்து என் மகளுக்கு வைத்துவிட்டேன். நன்றாகவே சொன்னேன் போலிருக்கிறது, மாமியாரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"படிச்சவதானே நீ? சின்னக் கொழந்தையத் தூக்கிட்டு அங்கெல்லாம் ஏறலாமா?" என்றார் பெரியம்மா.

"தெரியாமப் போயிட்டனுங்க பெரிம்மா."

"உன்ற மாமியா என்ன சொல்லியிருப்பா? பாவம், உன்னைய ஒரு சொல் சொல்லலியே. மத்தவங்களா இருந்தா வெச்சு வாங்கியிருப்பாங்க. குடுத்து வெச்சவ நீ."

மாமியார் இலை நறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

என் கணவர் வாக்குத் தவறவில்லை, மறுநாள் கையெழுத்துப் போட்டார். ஆபரேஷன் நடந்தது. கல்யாணமும் நடந்தது. இரண்டும் அடுத்தடுத்த மாதங்களில். முதன்முதலில் கருவியை இயக்கிய அன்று என் மகள் பயந்து அழுதாள். பல நாள் அதைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாள். ஒருமுறை காப்பி காயவைக்கும் களத்தில் எறிந்துவிட்டாள், வேலைக்காரப் பெண்கள் எல்லோரும் குனிந்து கொட்டைகளுக்கு நடுவில் தேடி எடுத்தார்கள். இப்போது போட்டுக்கொள்கிறாள். குக்கர் விசில் வந்தால் விரலைத் தூக்கிக் காட்டுகிறாள். தண்ணீர் கேட்க "தண்" என்கிறாள். நாள் முழுக்க நான் அவள் முகத்துக்கு முன்னால் பேசிக்கொண்டே இருக்கவேண்டும். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், "ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா இந்நேரம் வாக்கியமே பேசியிருப்பா" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் மகளிடம் நான் எதுவும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், அந்த ஒரு மணி நேரப் பேச்சும் வீணாகிவிட்டதே என்று அதற்கும் வருத்தப்பட்டேன்.

இப்போது என் நாத்தனார் முழுகாமல் இருக்கிறாள். ஆறாவது மாதம். என் பெரியப்பா மகனின் குழந்தை. அதே ரத்தம் இரண்டு பக்கமும். டாக்டர் மறக்காதீர்கள் என்று சொன்னது தினமும் காலையில் பல் தேய்க்கும்போது ஞாபகம் வருகிறது. யார் மூலமாவது சொல்லலாமா, கணவரைச் சொல்லச் சொல்லலாமா என்று யோசித்து யோசித்து, அவரிடமே கேட்டேன். "அதெல்லாம் இப்ப ஆஸ்பத்திரியிலயே பாப்பாங்க" என்றார். பார்ப்பார்களா? என் மகளுக்குப் பார்க்கவில்லையே.

கடைசியில் நானே நாத்தனாருக்கு ஃபோன் செய்தேன். மசக்கை, வீக்கம், மாங்காய் என்று சுற்றிவந்துவிட்டுச் சொன்னேன். குழந்தை பிறந்ததும் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் காதைப் பரிசோதிக்கச் சொல்.

அவள் சிரித்தாள். "எதுக்குங்க அண்ணி? நாங்க என்ன இத்தாலிக்கா போறோம், மணிக்கூண்டு ஏற? உங்க தம்பி ஏற்காட்டுக்கே கூட்டிட்டு வர மாட்டேங்கறாரு."

அவளுக்கு உண்மை தெரிந்திருக்கும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவள் அம்மாவோ அண்ணனோ சொல்லியிருப்பார்கள், அவள் கல்யாணத்துக்காகத்தானே எல்லாம் என்று. யாரும் சொல்லவில்லை. பெரியம்மாவிடம் நான் சொன்னபோது அவளும் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னை நம்பியிருக்கிறாள்.

"அது மணியால இல்ல" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். வயர் ஒட்டிய சோதனை, டாக்டர் கேட்ட கேள்வி, அவளுடைய அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. நடுவில் லைன் போய்விட்டதோ என்று ஃபோனைப் பார்த்தேன்.

"அண்ணி, உங்க புள்ளைக்கு ஆனது என்ற புள்ளைக்கும் ஆவோணும்னு நெனைக்கறீங்களா?" என்றாள்.

"ஆகக் கூடாதுன்னுதான் சொல்றேன் கண்ணு."

"வயித்துல இருக்கற கொழந்தையப் பத்திப் பேசற பேச்சுங்களா இது?"

வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அன்று மாலைக்குள் மாமியாருக்குச் செய்தி வந்துவிட்டது. சமையலறை வாசலில் வந்து நின்றார். பலகை அதிர்ந்ததற்கு என் மகள் திரும்பிப் பாட்டியைப் பார்த்துச் சிரித்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"அன்னிக்கு அண்ணிகிட்ட மணிக்கூண்டுன்னு சொன்ன அதே வாய்தானே இது? எதத்தான் நம்பறது? வளைகாப்புக்கு நீ வர வேண்டாம். அந்தப் புள்ள மனசு சங்கடப்படுது. பிரசவத்தன்னிக்கும் ஆஸ்பத்திரிப் பக்கம் வந்து நின்னுடாத."

"அவங்க டெஸ்ட் பண்ணுவாங்களா அத்தை?"

"நீ வராதன்னா வராத. அவ்வளவுதான்."

குழந்தை ஐப்பசியில் பிறக்கும் என்கிறார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று எனக்குத் தெரியும், என் பிரசவமும் அங்கேதான் நடந்தது. வர மாட்டேன் என்று நான் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை.